கடலுக்குக் கோடு கிழிப்பவர் யார்?

செய்யாற்றில் தோழர்களோடு பேசிக்கொண்டிருந்தபோது, பட்டுத்தறி நெய்யும் தோழர் ஒருவர் நம்மை மடக்கினார். "கூலி உயர்வைப் பற்றிப் பேசுங்கள், கேட்கிறோம். நூல் விலையைப் பற்றிப் பேசுங்கள், கேட்கிறோம். கடற்கரைச் சட்டத்தைப் பற்றி எங்களிடம் ஏன் பேசுகிறீர்கள்? இங்கிருந்து கடல் நாற்பது மைலுக்கு மேல். அது மீனவர் பாடு. நமக்கென்ன தோழர்?" என்றார்.

நியாயமான கேள்வி. மழுப்ப முடியாத கேள்வி. நாம் அவரிடம் திருப்பி ஒன்று கேட்டோம்: "கைத்தறி என்றால் என்ன?"

அவர் சிரித்தார். கைத்தறி எதுவென்று கைத்தறி நெய்பவனிடமே கேட்பதா! ஆனால் சட்டம் சிரிப்பதில்லை, தோழர்களே. 1985ஆம் ஆண்டுச் சட்டம் சில வகைத் துணிகளைக் கைத்தறிக்கென்றே ஒதுக்கி வைத்தது. அந்தச் சட்டம் கைத்தறிக்குச் சொன்ன விளக்கம் ஒரே வரிதான்: விசைத்தறி அல்லாத தறியெல்லாம் கைத்தறி. அந்த ஒரு வரிக்குள்தான் ஆரணியும் செய்யாறும் காஞ்சியும் குடியிருக்கின்றன. 2012ஆம் ஆண்டு வாக்கில் அந்த வரியைத் திருத்தலாமா என்று டெல்லியில் யோசனை கிளம்பியது. நெசவில் ஏதாவது ஒரு வேலை மனிதக் கையால் நடந்தால் போதும், மோட்டார் பூட்டிய தறியையும் கைத்தறி என்றே கொள்ளலாம் என்றார்கள். நெசவாளர் கொதித்தெழுந்தார்கள், யோசனை சட்டமாகவில்லை. ஆகியிருந்தால் என்ன நடந்திருக்கும்? தறியை யாரும் உடைத்திருக்க மாட்டார்கள். வீட்டை யாரும் இடித்திருக்க மாட்டார்கள். ஒரு சொல்லின் பொருளை மட்டும் மாற்றியிருப்பார்கள். தறிக்குழியில் உட்கார்ந்திருப்பவன் வயிறு தானாகக் காய்ந்திருக்கும்.

கடற்கரையில் நடப்பதும் அதுவே. அங்கே சொல் 'கைத்தறி' அல்ல, 'கரை'. அதனால்தான் செய்யாற்றுத் தோழரிடம் கடலைப் பற்றிப் பேசுகிறோம்.

கரை என்றால் என்ன? குழந்தையும் சொல்லும், கடல் முடிந்து மண் தொடங்கும் இடம் என்று. ஆனால் கடல் ஓரிடத்தில் நிற்கிறதா? காலையில் ஓரிடம், மாலையில் ஓரிடம். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் நீர் மேலேறும். மற்ற நாளில் இறங்கும். ஆகவே சட்டம் ஒரு கோட்டைத் தேட வேண்டியதாயிற்று. நீர் மிக உயரமாக ஏறித் தொடும் இடத்தை இணைத்தால் கிடைப்பது உயர் ஓதக் கோடு. அந்தக் கோட்டிலிருந்து நிலத்தை நோக்கி அளந்துதான், இங்கே கட்டலாம், இங்கே கட்டக்கூடாது என்கிறது சட்டம். கோடு பத்தடி கடல்பக்கம் நகர்ந்தால், பத்தடி மண் முதலாளிக்கு விடுதலை!

1981ஆம் ஆண்டு நவம்பரில் பிரதமர் இந்திரா காந்தி கடலோர மாநில முதலமைச்சர்களுக்குக் கடிதம் எழுதினார். உயர் ஓதம் தொடும் இடத்திலிருந்து 500 மீட்டருக்குள் எந்த நடவடிக்கையும் கூடாது என்றார். கடிதம் கடிதமாகவே இருந்தது. 1986ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டு 1991 பிப்ரவரி 19இல் மத்திய சர்க்கார் ஓர் அறிவிக்கை வெளியிட்டது. கடலோரம் மட்டுமல்ல, வளைகுடா, முகத்துவாரம், கழி, உப்பங்கழி, ஓதம் ஏறி இறங்கும் ஆறு ஆகிய அத்தனையின் கரையும் அதற்குள் வந்தன. 500 மீட்டர் வரை ஒழுங்குமுறைப் பகுதி. அதிலும் நகரமாகாத கிராமக் கரைகளில் முதல் 200 மீட்டரில் புதுக் கட்டடமே கூடாது. கழிக்கும் ஆற்றுக்கும் குறைந்தது 100 மீட்டர், அல்லது அந்தக் கழியின் அகலம், இரண்டில் எது குறைவோ அது.

நல்ல சட்டம்தான். நாம் மறுக்கவில்லை. ஆனால் பிறந்த நாளிலிருந்தே அதற்குக் கத்தரிக்கோல் காத்திருந்தது! ஒவ்வொரு மாநிலமும் தன் கரையை அளந்து ஓராண்டுக்குள் வரைபடம் தர வேண்டும் என்றது அறிவிக்கை. ஓராண்டும் போயிற்று, ஐந்தாண்டும் போயிற்று, படம் வரவில்லை. 1994இல் ஆற்றோர 100 மீட்டரை 50 ஆக்கினார்கள். கட்டக்கூடாத பகுதியைத் தன் விருப்பம்போல் தளர்த்தும் அதிகாரத்தையும் மத்திய சர்க்கார் எடுத்துக்கொண்டது. வழக்குச் சென்றது. 1996 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட் அந்தக் குறைப்பையும் செல்லாது என்றது, அந்த அதிகாரத்தையும் செல்லாது என்றது. படத்தைக் கொடு என்று கெடுவும் வைத்தது. அதற்குப் பிறகுதான் நம் மாநிலத்துக் கடலோரப் படம் 1996 செப்டம்பரில் ஒப்புதல் பெற்றது.

இனி நாகைச் சீமைக்கு வாருங்கள். சொல்லுக்குள் எத்தனை பேரின் சோறு இருக்கிறது என்பதை அங்கே கண்ணால் பார்க்கலாம்.

1990களில் கீழ்த்தஞ்சைக் கடலோரத்தில் இறால் பண்ணைகள் முளைத்தன. நெல் விளைந்த மண்ணில் உப்புநீரைக் கட்டினார்கள். கிணறு கரித்தது. பக்கத்து வயல் வெளுத்தது. நடவுக்கும் அறுப்புக்கும் போன விவசாயக் கூலிக்கு வேலை போயிற்று. மீனவருக்குக் கடலுக்குப் போகும் பாதை போயிற்று. சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாளும் அந்த மக்களோடு நின்று போராடினார்கள். ஜெகந்நாதன் பெயரிலேயே வழக்குச் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று.

அங்கே வாதம் எதைப் பற்றி? அறிவிக்கையில் ஒரு சொற்றொடர். கடல்முகத்தோடு நேரடித் தொடர்புள்ள, கடலோர வசதி நேரடியாகத் தேவைப்படும் தொழிலை மட்டும் அந்தப் பகுதியில் அனுமதிக்கலாம் என்று அது சொல்லியது. துறைமுகம் அப்படிப்பட்டது, கடலில்லாத ஊரில் துறைமுகம் கட்ட முடியாது. இறால் பண்ணை அப்படிப்பட்டதா? ஆம் என்றார்கள் பண்ணைக்காரர்களின் வக்கீல்கள். இல்லை என்றது கோர்ட். 1996 டிசம்பர் 11இல் தீர்ப்பு வந்தது. கரையோர ஒழுங்குமுறைப் பகுதியில் பண்ணை கூடாது, பழவேற்காடு, சில்கா ஏரிகளைச் சுற்றி 1000 மீட்டருக்குள்ளும் கூடாது, கட்டியதை இடி, கெடுத்தவன் நட்டஈடு கொடு, வேலை இழக்கும் தொழிலாளிக்கும் இழப்பீடு கொடு என்றது. பழைய வழக்கப்படி நடக்கும் சிறு வளர்ப்புக்கு மட்டும் விலக்கு.

ஏழை வென்றான் என்று ஊரெல்லாம் மகிழ்ந்தது. எத்தனை நாள்? மறு ஆய்வு மனுக்கள் விழுந்தன. இடிப்பு நிறுத்தி வைக்கப்பட்டது. 2005இல் பார்லிமெண்டு ஒரு சட்டம் இயற்றிற்று. அதன் ஒரு பிரிவு என்ன சொல்லிற்று தெரியுமா? 1991 அறிவிக்கையின் அந்தத் தடை கரையோர நீர்வாழ் உயிரின வளர்ப்புக்குப் பொருந்தாது. அதுவும் 1991ஆம் ஆண்டு முதலே பொருந்தாததாகக் கொள்ள வேண்டும்! பதினான்கு ஆண்டுக்கு முன் எழுதிய வரிக்குள் இன்று புகுந்து, அன்றே அப்படித்தான் எழுதியிருந்தது போல் மாற்றிவிட்டார்கள். பந்தயம் முடிந்து, தோற்றவன் எழுந்துபோய் ஆட்டத்தின் விதியையே திருத்திவிட்டு வந்து, "பார், நான்தான் வென்றேன்" என்றால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது. 2023இல் வந்த திருத்தச் சட்டம் அந்தக் கதவை இன்னும் இறுகச் சாத்தியது. கோர்ட்டில் ஒரு சொல்லால் வென்றதைச் சட்டமன்றத்தில் ஒரு சொல்லால் பறித்தார்கள். இது நாகை மண் தந்த பாடம்.

அடுத்த பாடம் 2019 ஜனவரி 18 அறிவிக்கை. கிராமக் கரைகளை அது இரண்டாகப் பிளந்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி ஒரு சதுர கிலோமீட்டருக்கு 2161 பேருக்கு மேல் வாழ்ந்தால் ஒரு வகை. அதற்குக் குறைந்தால் வேறு வகை. நெருக்கமாக வாழும் கரையில் கட்டக்கூடாத 200 மீட்டர், முறைப்படி திட்டப்படம் வகுக்கப்பட்டதும் 50 மீட்டராகச் சுருங்கும். கழிகளுக்கும் ஓத ஆறுகளுக்கும் 100 மீட்டர் 50 ஆயிற்று. 1996இல் செல்லாது என்று தள்ளப்பட்ட அந்த 50, இருபத்திரண்டு ஆண்டு கழித்து முன்வாசல் வழியாகவே வந்து உட்கார்ந்துகொண்டது!

மீனவன் வீடு கட்டிக்கொள்ளத்தானே தளர்த்தினோம் என்கிறார்கள். இதில் பாதி உண்மை இருக்கிறது; அதை மறைப்பது நம் வேலையல்ல. பிள்ளை பெருத்து, குடும்பம் பிரிந்து, பக்கத்தில் ஓர் அறை போடவும் முடியாமல் மீனவர் தவித்தது உண்மை. ஆனால் அதற்கு வழி, மீனவன் வீட்டுக்கென்று விலக்குத் தருவது. கரை முழுவதையும் திறந்துவிடுவதல்ல. திறந்த கரையில் யார் வீடு முதலில் எழும்பும்? வலை வாங்கக் கடன் வாங்குகிறவன் வீடா, வங்கியே வீடு தேடி வந்து கடன் கொடுக்கும் கனவானின் விடுதியா? பதில் உங்களுக்குத் தெரியும். கடற்கரை மணலிலேயே, உயர் ஓதக் கோட்டிலிருந்து 10 மீட்டர் தள்ளி, தற்காலிகச் சுற்றுலா வசதிகளுக்கும் அந்த அறிவிக்கை இடம் கொடுத்தது. வலை காய்கிற மணல் அது.

அபாயக் கோடு என்றும் ஒன்று உண்டு. புயலும் அரிப்பும் கடல் ஏற்றமும் எதுவரை தாக்கும் என்று அளந்த கோடு. 2004 டிசம்பர் 26இல் சுனாமியில் பிணம் பொறுக்கிய நாட்டுக்கு, அந்தக் கோடல்லவா முதல் கோடாக இருக்க வேண்டும்? 2019 அறிவிக்கை அதைப் பேரிடர்த் திட்டம் தீட்டுவதற்குப் பயன்படுத்தலாம் என்றதோடு நிறுத்திக்கொண்டது. கட்டடத்தைத் தடுக்க அதற்கு அதிகாரமில்லை. அபாயம் எங்கே என்று தெரியும். தெரிந்தும் தடை இல்லை!

சொல்லை மாற்றக்கூடத் தேவையில்லை, படத்தை மாற்றினால் போதும் என்பதற்கு எண்ணூர் சாட்சி. கொசஸ்தலையாறு கடலோடு கலக்குமிடத்தில் விரிந்து கிடக்கிறது எண்ணூர்க் கழி. காட்டுக்குப்பமும் முகத்துவாரக்குப்பமும் அந்தக் கழியை நம்பிய ஊர்கள். மத்திய சர்க்கார் ஒப்புக்கொண்ட 1996ஆம் ஆண்டுப் படத்தில் கழி முழுதாக இருக்கிறது. 2009 தேதியிட்ட வேறொரு படமும் இருப்பது 2017இல், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் உதவியால் அம்பலமாயிற்று. அந்தப் படத்தில் ஏறத்தாழ 6,500 ஏக்கர் கழியைக் காணோம்! கிணறு காணாமற்போன கதையைச் சிரிக்கச் சிரிக்கக் கேட்டிருக்கிறோம். இங்கே கழியே காணாமற்போயிற்று. மீனவன் அன்றும் அதில் படகு விட்டுக்கொண்டுதான் இருந்தான். ஓதம் நாள்தோறும் ஏறி இறங்கிக்கொண்டுதான் இருந்தது. காகிதத்தில் மட்டும் அது தரை. தரை என்றால் கொட்டலாம், நிரப்பலாம், கட்டலாம். அனல்மின் நிலையச் சாம்பல் கொட்டியது, கழி தூர்ந்தது, இறாலும் நண்டும் குறைந்தன. வடசென்னையில் வெள்ளம் வடியும் வாய் அந்தக் கழி. வாயை அடைத்தால் வீட்டுக்குள் தண்ணீர் வராமல் எங்கே போகும்? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து எண்ணூர்க் குப்பங்களுக்குள் வந்ததை நாடே பார்த்தது.

அப்படியானால் கோட்டைத் தூரத்தில் கிழித்துவிட்டால் போதுமா? போதாது. இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இலங்கையில் 1981இலேயே கரைப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. நிலப்பக்கம் 300 மீட்டர், கடற்பக்கம் 2 கிலோமீட்டர் என்று கரைக்குத் தெளிவாக எல்லை சொன்னது. சுனாமிக்குப் பின் அங்கே தெற்கிலும் மேற்கிலும் 100 மீட்டர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீட்டர் யாரும் வீடு கட்டக்கூடாது என்றார்கள். பாதுகாப்பு என்ற பெயரில் மீனவக் குடும்பம் உள்நாட்டு முகாமுக்குப் போயிற்று; சுற்றுலா விடுதிகளுக்கோ விலக்குகள் கிடைத்தன. எதிர்ப்புக்குப் பிறகே அந்த விதி தளர்ந்தது. நம் மாநிலத்திலும் 200 மீட்டருக்குள் வீடிழந்தவர், இடம் மாறச் சம்மதித்தால் புதுவீடு, மறுத்தால் உதவியில்லை என்ற நிலையில் நிறுத்தப்பட்டார்கள். ஆகவே கோடு எங்கே என்பது ஒரு கேள்வி. கோட்டுக்குள் யாருக்கு உரிமை என்பது அதைவிடப் பெரிய கேள்வி. இரண்டையும் சேர்த்துக் கேட்காதவன் ஏழையின் நண்பனல்ல.

இனி செய்யாற்றுக்குத் திரும்புவோம். கேள்வி கேட்ட தோழருக்குப் பதில் பாக்கி இருக்கிறது.

ஜவ்வாது மலையில் பிறக்கும் செய்யாறு, ஆரணிப் பக்கத்துக் கமண்டல நாகநதியையும் சேர்த்துக்கொண்டு, நம் ஊரைத் தொட்டு, திருமுக்கூடலில் பாலாற்றோடு கலக்கிறது. பாலாறு சதுரங்கப்பட்டினத்துக்குப் பக்கத்தில், வாயலூரில், கடலில் விழுகிறது. நாம் வெட்டிவிடும் மணலும், நாம் கலக்கவிடும் சாயக் கழிவும் அந்த முகத்துவாரத்துக் கணக்கில்தான் எழுதப்படும். கடல் நமக்குத் தூரமாக இருக்கலாம். நாம் கடலுக்குத் தூரமில்லை.

அதைவிட நெருங்கிய செய்தி ஒன்று உண்டு. 2017 செப்டம்பரில் மத்திய சர்க்கார் ஈரநிலப் பாதுகாப்பு விதிகளை வெளியிட்டது. ஈரநிலம் என்றால் என்ன என்று அதில் விளக்கம் இருக்கிறது. அந்த விளக்கத்திலிருந்து எவை நீக்கப்பட்டன? ஆற்றுப் படுகை நீக்கம். நெல்வயல் நீக்கம். குடிநீருக்காகவும் பாசனத்துக்காகவும் மனிதன் வெட்டிய நீர்நிலை நீக்கம். தோழர்களே, நம் சீமையில் எந்த ஏரி மனிதன் வெட்டாத ஏரி? பல்லவர் காலத்திலிருந்து நிற்கிறது தூசி மாமண்டூர் ஏரி. பாசனத்துக்கென்று முன்னோர் வெட்டியது. அதனாலேயே அந்த விதியின் பாதுகாப்புக்குத் தகுதியில்லாமல் போயிற்று! உழைத்து வெட்டியதுதான் குற்றமோ? ஏரிகளுக்கென்று 2007ஆம் ஆண்டு மாநிலச் சட்டம் ஒன்று இருக்கிறது. ஆக்கிரமிப்பை அகற்ற அது உதவும். ஆனால் நீர்நிலை அமைந்த 100 ஹெக்டேருக்குக் குறையாத பெருந்திட்டங்களுக்கு நிலத்தை ஒன்றுசேர்த்துத் தரவும் ஒரு மாநிலச் சட்டம் 2023இல் வந்தது. அது சட்டசபையில் நிறைவேறிய நாள் ஏப்ரல் 21. அதே நாளில்தான் பன்னிரண்டு மணி நேர வேலை மசோதாவும் நிறைவேறியது. வேலை நேர மசோதாவைத் தொழிலாளர் ஒன்றுபட்டு எதிர்த்தோம். மே தினத்தில் அதைத் திரும்பப் பெறச் செய்தோம். பக்கத்திலேயே போன நீர்நிலை மசோதாவை நாம் போதுமான அளவு கவனித்தோமா? இல்லை. அது சட்டமாகிவிட்டது. இது நம் குறை. நாமே ஒப்புக்கொள்ள வேண்டிய குறை.

மேல்மாவை மறந்திருக்க மாட்டீர்கள். சிப்காட் விரிவாக்கத்துக்கு நிலம் தரமாட்டோம் என்று உட்கார்ந்த விவசாயிகளில் ஏழு பேர்மீது 2023 நவம்பரில் குண்டர் சட்டம் பாய்ந்தது. எதிர்ப்புக் கிளம்பியதும் ஆறு பேர் மீதான உத்தரவைச் சர்க்காரே விலக்கிக்கொண்டது. தொழிற்சாலை வேண்டாம் என்பவரல்ல நாம். தொழிலாளரின் ஏடு அப்படிச் சொல்லாது. நாம் கேட்பது, ஏர் பிடித்தவன் எப்படிக் 'குண்டர்' என்ற சொல்லுக்குள் அடங்கினான் என்பதே. எண்ணூரில் நீரைத் தரை என்று எழுதிய பேனாவுக்கும், மேல்மாவில் விவசாயியைக் குண்டர் என்று எழுதிய பேனாவுக்கும் என்ன வேற்றுமை?

ஆகவே நாம் கேட்பது இவை. உயர் ஓதக் கோட்டை நிபுணர்கள் குறிக்கட்டும், நாம் வேண்டாம் என்னவில்லை. ஆனால் குறித்த கோட்டைக் கரையில் கல் நட்டுக் காட்டு. அந்த ஊர் மீனவர் வந்து, "போன ஐப்பசியில் நீர் இதற்கு மேலே ஏறியது" என்று சொன்னால், அதைச் சாட்சியமாக ஏற்றுக்கொள். முடியாதென்று சொல்லாதே. ஹவாய்த் தீவில் 1968இலேயே உச்ச நீதிமன்றம், ஓத அட்டவணை காட்டும் கோட்டைவிட, அலை ஏறித் தொடும் எல்லை எதுவென்று உள்ளூர் முதியவர் சொன்ன சாட்சியமே பெரிதென்று ஏற்றுக்கொண்டது. அடுத்தது, கடலோரப் படத்தைத் தமிழில் அச்சிட்டு ஒவ்வொரு குப்பத்திலும் ஒட்டு. மீனவர் வீடு, வலை உலர்த்தும் மணல், படகு ஏற்றும் துறை, மீன் காயும் களம், சுடுகாடு எல்லாம் அதில் இடம்பெறட்டும். படத்தில் இல்லாதது நாளை நிலத்திலும் இல்லாமல் போகும். மூன்றாவது, அபாயக் கோட்டுக்கு அதிகாரம் கொடு. நான்காவது, நம் ஏரியும் ஆற்றுப் படுகையும் ஈரநிலம் என்ற சொல்லுக்குள் திரும்பட்டும்.

நடக்குமா என்று கேட்காதீர்கள். 2008இல் கரைச் சட்டத்தையே தளர்த்தும் நகல் அறிவிக்கை ஒன்று வந்தது. கடலோர மாநிலங்களின் மீனவர் சங்கங்கள் எதிர்த்து நின்றன. 2009 ஜூலையில் அது கைவிடப்பட்டது. வக்கீல் படிப்புப் படித்தவர்களல்லர் அவர்கள். ஆனால் வரிக்கு வரி படித்துக் கேட்டுத் தெரிந்துகொண்டு கேள்வி கேட்டார்கள்.

கிளை மன்றத்துத் தோழர்களுக்கு நம் வேண்டுகோள் ஒன்றே. அடுத்த சட்டமோ விதியோ வரும்போது, முதல் பக்கத்து வாழ்த்துரையைப் படித்துக் கைதட்டிவிட்டு எழுந்து போகாதீர்கள். "இச்சட்டத்தில் இன்ன சொல்லுக்கு இன்ன பொருள்" என்று தொடங்கும் பக்கத்தைத் தேடுங்கள். அதை ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர் கேளுங்கள். எது உள்ளே வைக்கப்பட்டது, எது வெளியே தள்ளப்பட்டது என்று விரல்விட்டு எண்ணுங்கள். வெளியே தள்ளப்பட்டது நம் ஏரியாக இருக்கும். அல்லது நம் தறியாக இருக்கும்.

கேள்வி கேட்ட நெசவாளத் தோழர் கடைசியில் நம்மிடம் சொன்னது இது: "பாவில் ஓர் இழை தப்பினால் சேலை முழுக்க அந்தத் தடம் ஓடும் தோழர்." சட்டமும் அப்படித்தான். இழை தப்பும்போதே பிடிப்போம். நெய்து முடித்த பிறகு அழுது பயனில்லை.